பூட்டிய கேட்டும் புலிகுத்திக் கல்லும்

அந்தப் பூட்டு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. போன ஐப்பசியில் மாமாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். புரை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சொட்டு மருந்து போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் மாமா, "அம்மிணி, வண்டிய செத்த ஓரங்கட்டு" என்றார். அங்கே சாலையோரத்தில் ஒரு போர் நினைவுத் தூண் இருக்கிறது. கருங்கல் தூண், மேலே கவிழ்த்த துப்பாக்கியும் அதன்மேல் ஒரு இரும்புத் தொப்பியும், சுற்றி ஆளுயரக் கம்பி வேலி. இத்தனை வருடமாக அந்த வழியில் போய்வந்துகொண்டிருக்கிறேன், ஒருநாளும் இறங்கிப் பார்த்ததில்லை. மாமாவும் இறங்கவேண்டும் என்று சொன்னதில்லை. கண் தெளிந்ததில் தூரத்தில் இருந்தே எழுத்துத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் என்று அப்புறம் நினைத்துக்கொண்டேன்.

கேட்டில் பூட்டு. துருப்பிடிக்காத புதுப் பூட்டு. மாமா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே புல் முளைத்துக் காய்ந்திருந்தது, யாரோ எப்போதோ வைத்த மலர்வளையத்தின் கம்பி மட்டும் தூண் அடியில் கிடந்தது. எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னிக்குத் தொறக்க மாட்டாங்க. விசேசத்தன்னிக்குத்தான்" என்றார். மாமா ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்தார். ஊர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

விசேசம் என்று அவர் சொன்னது எது எது என்று எனக்குத் தெரியும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, கார்கில் வெற்றி நாளான ஜூலை 26, கொடிநாளான டிசம்பர் 7, வங்கதேசப் போர் முடிந்த டிசம்பர் 16. அந்த நாட்களில் புல் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்து, பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மாலை போட்டு, இரண்டு நிமிடம் மௌனமாக நின்று கலைவார்கள். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாக நானும் வெயிலில் நின்றிருக்கிறேன், அந்த இரண்டு நிமிடத்தில் ஏதோ ஒன்று தொண்டையை அடைத்தது நினைவிருக்கிறது. ஆனால் துக்கம் தேதி பார்த்து வருவதில்லையே. ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பதினொன்றரை மணிக்கு அது ஒரு மனிதனை வண்டியிலிருந்து இறக்குகிறது. அவன் போய்ப் பார்த்தால் கேட் பூட்டியிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் மனதிலேயே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

மிலிட்டரிக்காரர் வீடு

எங்கள் ஊர் காங்கயத்துக்குத் தெற்கே. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காடும் வெள்வேல மரமும் ஆடி மாதம் பூராவும் அடிக்கிற காற்றும்தான் ஊர். அம்மாவின் கடைசித் தம்பி இந்த மாமா. பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டில் சொல்லாமல் போனவர். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி முடித்து மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தார். 1758இல் தொடங்கிய படை அது என்பதை என் சின்ன வயதில் அவரே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். லீவில் வரும்போது கறுப்பு டிரங்குப் பெட்டி, அதில் எங்களுக்குக் கேன்டீன் பிஸ்கட், அப்பாருக்கு ஒரு கம்பளி. பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். பனிமலை, ரயில், இந்தியில் திட்டுகிற சுபேதார் என்று அடுக்கிக்கொண்டே போவார்.

1987க்கு அப்புறம் வந்த மாமா வேறு ஆள். அந்த வருடம் ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஆகி, இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணத்தில் இறங்கி, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு சண்டையே தொடங்கிவிட்டது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அங்கே செத்தார்கள். அங்கிருந்த தமிழ்ச் சனம் பட்டது அதைவிடப் பெரிய கணக்கு. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைக்குத் திரும்பியபோது, முதல்வராக இருந்த கருணாநிதி வரவேற்கப் போகவில்லை, தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. அந்த வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பெரியவர் ஒருவர் எல்லார் முன்னாலும் மாமாவைப் பார்த்து, "நம்ம சனத்தயே சுட்டுப்போட்டு வந்துட்டியாமா?" என்று கேட்டதும், மாமா பாதி இலையில் எழுந்துபோனதும்தான். அம்மா பின்னாலேயே ஓடினாள். அன்றைக்கு மூடிய வாய்தான். பென்ஷன் வாங்கி ஊரோடு வந்து, கல்யாணம் கட்டி, நான்கு எருமை வாங்கி, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கிவிட்டார். ஊரில் இன்றைக்கும் மிலிட்டரிக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். ஆனால் அந்த மிலிட்டரியைப் பற்றி அவரிடமிருந்து ஒரு சொல் கிடையாது.

இன்னொன்றும் உண்டு, அது என் மனதில் நெருடிக்கொண்டே இருந்தது. எங்கள் ஊர் அண்ணமார் கோயிலில் மாசி நோம்பிக்குப் படுகளம் போடுவார்கள். கொங்குநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உடுக்கை அடித்துக் கதை படிக்கப் படிக்க, அண்ணமார் என்று கும்பிடுகிற அண்ணன் தம்பிகளான பொன்னரும் சங்கரும் களத்தில் விழுகிற இடம் வந்ததும், வேண்டுதல்காரர்கள் நின்ற நின்ற இடத்திலேயே அருள் வந்து சாய்வார்கள். வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்திவிடுவார்கள். அக்கா தங்கச்சிமார் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள், நிஜமான அழுகை அது, போன வருடம் செத்த அண்ணனுக்கும் அதற்கு முந்தி செத்த அப்பனுக்கும் சேர்த்து அழுகிற அழுகை. விடிகிற நேரத்துக்கு அவர்கள் தங்கச்சி தங்காயி வந்து தீர்த்தம் தெளிப்பாள், விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள். ஊரே மூச்சு விடும். அந்த ராத்திரி மட்டும் மாமா ஊரில் இருக்கமாட்டார். தாராபுரத்தில் வேலை, பொள்ளாச்சிச் சந்தை என்று ஏதாவது சொல்லிக் கிளம்பிவிடுவார். சாமி நம்பிக்கை இல்லாதவரும் இல்லை, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டத் தவறமாட்டார். படுகளத்துக்கு மட்டும் இருக்கமாட்டார்.

பேர் சொல்லும் கல்

எங்கள் தோட்டத்துக்கும் குடியிருக்கிற சாளைக்கும் நடுவில், இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரிப் பாதை திரும்புகிற இடத்தில் ஒரு புலிகுத்திக் கல் இருக்கிறது. கொங்கு நாட்டில் இது அதிசயம் இல்லை, பட்டிக்குள் புலி வந்து மாடு தூக்கிய காலத்தில் அதை எதிர்த்துக் குத்திச் செத்தவனுக்கு வைத்த கல், அவிநாசி பல்லடம் பக்கமெல்லாம் பார்க்கலாம். எங்கள் கல்லில் ஒருவன் பக்கவாட்டில் கொண்டை போட்டுக்கொண்டு ஈட்டியைப் புலியின் வாய்க்குள் பாய்ச்சுகிறான், புலி பின்னங்காலில் நிற்கிறது. எழுத்து எதுவும் கிடையாது. யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அத்தை செவ்வாய் வெள்ளி தவறாமல் விளக்கு வைக்கிறாள், மாடு கன்று போட்டால் முதல் பால் அங்கேதான் போகிறது. கொஞ்ச தூரம் தள்ளி வீரமாத்தி கோயில். புருஷன் களத்தில் விழுந்ததும் தீயில் இறங்கிய பெண் சாமியாகி நிற்கிறாள். அவள் இறங்கினாளா இறக்கினார்களா என்று நினைத்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். ஆனால் அவளையும் யாரும் வேலிக்குள் போட்டுப் பூட்டவில்லை. சின்னப் பிள்ளைகூடப் போய்த் தொட்டுக் கும்பிடலாம்.

நடுகல்லுக்கு ஆறு கட்டம் உண்டு என்று நம் பழைய இலக்கணம் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது, எடுக்க நாள் பார்ப்பது, நீரில் ஆட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது. இதில் நீர்ப்படை என்கிற சொல்லில்தான் எனக்கு எப்போதும் மனது நிற்கும். செத்தவன் உடலைக் குளிப்பாட்டுவது மாதிரியே கல்லையும் குளிப்பாட்டுகிறார்கள். உடல் கிடைக்காமல் போனவனுக்கு அதுவே உடல். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், ஒருமுறை போய்ப் பாருங்கள். இன்ன அரசன் காலத்தில், இன்ன ஊரான், தொறு மீட்டுப் பட்டான் கல் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. நான்கு மாட்டுக்காகச் செத்தவனுக்கும் ஊரும் பேரும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்று இருக்கிறது. வீரன் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது, கள்ளனைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று எழுதியிருக்கிறது. 1,400 வருடத்துக்கு முந்தி ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அப்படியே வெள்ளைக்காரன் காலத்துக்கு வாருங்கள். தமிழ்நாட்டில் சில ஊர்களில் சின்னதாக ஆங்கிலத்தில் எழுதிய பலகைக் கல் இருக்கும். இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். அவ்வளவுதான். எண் இருக்கும், பேர் இருக்காது. எந்தத் தாய் அந்தக் கல்லின் முன்னால் போய் உட்கார்ந்து அழுவாள்? எந்த எண் அவள் மகன் என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? நம் டவுன் தூணில் பெயர்கள் இருக்கின்றன, அதைச் சொல்லவேண்டும், கட்டியவர்கள் அந்த அளவுக்கு அக்கறையோடு கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயர்களைக் கையால் தொட முடியாமல் வேலி தடுக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

அன்றைக்குச் சாயங்காலம்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் நான் மாமா வீட்டிலேயே தங்கிவிட்டேன். அத்தைக்கு முழங்கால் வலி, "கல்லுக்கு நீ போயி வெளக்கு வெச்சுட்டு வா சாமி" என்று எண்ணெய்யும் திரியும் கொடுத்தாள். நான் இட்டேரியில் இறங்கும்போது பின்னால் மாமா வருவது தெரிந்தது. கையில் ஒரு செம்புத் தண்ணீர். கண்ணில் புழுதி படக்கூடாது என்று டாக்டர் சொன்னாரே மாமா என்றேன், அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கல்லின் முன்னால் குந்தவைத்து உட்கார்ந்து, தண்ணீரைத் தலையில் ஊற்றி, துண்டின் நுனியால் அந்தப் பெயர் தெரியாத வீரனின் முகத்தைத் துடைத்தார். கொண்டையில் பிடித்திருந்த பாசியை நகத்தால் சுரண்டினார். புலியையும் துடைத்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, அது ஒரு குடும்பத்தின் சொத்து. தருமபுரிப் பக்கத்துக்காரர். ஒரே பேட்ச், வெலிங்டனில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். யாழ்ப்பாணத்தில் ஒரு ரோட்டில் கண்ணிவெடியில் போனார், மாமாவுக்கு இருபது அடி முன்னால். உடலோடு ஊருக்குப் போக மாமாவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. லீவு கிடைத்தபோது போகத் தைரியம் இல்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தத் தாயைப் போய்ப் பார்க்கவில்லை. இதையெல்லாம் அவர் வரிசையாகச் சொல்லவில்லை. விட்டு விட்டு, கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார், நான் விளக்கை ஏற்றாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நோம்பிக்கு ஏன் ஊரில் இருக்கமாட்டீங்க மாமா என்று நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார்.

"படுகளத்துல விழுகறவனெல்லாம் எந்திரிச்சர்றான் அம்மிணி. தண்ணி தெளிச்சா எந்திரிச்சர்றான். அத என்னால பாக்க முடியல."

இருட்டிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று சொன்னார், அதைச் சொல்லும்போது குரல் மாறிவிட்டது. தமிழ் தெரியும் என்பதால் சோதனைச் சாவடியில் அவரைத்தான் நிறுத்துவார்களாம். ஒருநாள் மத்தியான வெயிலில் சனம் வரிசையாக நிற்கிறது. ஒரு கிழவி, எங்கள் ஆத்தா வயது இருக்கும், இவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தம்பி தமிழே?" என்று கேட்டிருக்கிறாள். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறாள். யாரையும் கிட்ட விடாதே என்பது உத்தரவு. "இடுப்புல தண்ணி பாட்டில் இருந்துச்சு. நெறைய இருந்துச்சு. போங்க, வரிசையில நில்லுங்கன்னு சொன்னேன். தமிழ்லதான் சொன்னேன்." அவ்வளவுதான் சொன்னார். நான் என்ன சொல்வது? உத்தரவுதானே மாமா என்று ஆரம்பித்தேன், அவர் கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். "அவனுக்காச்சும் எங்கியோ பேரு எழுதியிருப்பாங்க. அந்தக் கெழவிக்கு யாரு கல்லு வெப்பா?"

இதற்குப் பதில் என்னிடம் இன்றுவரை இல்லை. ஆனால் ஒன்று எனக்குத் தெளிவானது. அந்த டவுன் தூணுக்கு முன்னால், பேண்டு வாத்தியமும் வீரவணக்க முழக்கமும் நடுவில் இருக்க, மாமாவால் இந்தக் கிழவியைப் பற்றிப் பேசியிருக்கவே முடியாது. அங்கே பெருமைக்கு இடம் உண்டு, கூச்சத்துக்கும் குற்ற உணர்ச்சிக்கும் இடம் கிடையாது. உயிரோடு திரும்பி வந்தவர்களுக்கு இந்த இரண்டுதானே பெரும்பாலும் மிஞ்சுகிறது? யார் என்றே தெரியாத ஒருவனின் கல் முன்னால் ஒரு செம்புத் தண்ணீரோடு உட்கார்ந்ததும் அவருக்கு வாய் திறந்தது. கை ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது, யாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, கேட்கிற நானும் அவருக்குத் தங்காயி முறையில்லாவிட்டாலும் அக்கா மகள். நம் முன்னோர்கள் போரையும் சாவையும் நன்றாக அறிந்தவர்கள், அதனால்தான் துடைக்க ஒரு கல்லும், விழுந்து புரள ஒரு களமும், அழ ஒரு ராத்திரியும் ஏற்பாடு செய்து வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

அடுத்த வாரம் டெல்லியில் வேலை பார்க்கிற சித்தி பையனிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்தியா கேட் பக்கத்தில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, வட்ட வட்டமாகப் போகிற கருங்கல் சுவரில் ஆளுக்கு ஒரு கல். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடிப் போட்டோ எடுத்து அனுப்பினான். மாமாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் இரண்டு விரலால் பெரிதாக்கி, எழுத்து எழுத்தாகப் பார்த்தார், பிறகு திரையைத் துண்டால் துடைத்தார். கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் இலங்கை அரசே கட்டிய அமைதிப்படை நினைவிடத்திலும் பெயர்கள் உண்டு என்று சொன்னேன். "அங்கியுமா?" என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார் என்று அத்தை சொன்னாள்.

கார்த்திகையில் மாமா தானாகவே டவுனுக்குப் போய், முன்னாள் படைவீரர்கள் நான்கைந்து பேரைப் பார்த்துப் பேசியிருக்கிறார். எல்லாருக்கும் அந்தப் பூட்டு மனதில் கிடந்திருக்கிறது, ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாடு மேயும், குடிகாரர்கள் படுப்பார்கள் என்று பூட்டியதாம். சேர்ந்து ஒரு மனு எழுதினார்கள். கேட்டைக் காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஆறுவரை திறந்து வைக்கவேண்டும், உள்ளே ஒரு வேப்பங்கன்று நட அனுமதி வேண்டும், உட்கார ஒரு திண்டு வேண்டும் என்றெல்லாம் எழுதிவிட்டு, மாமாவிடம் உங்களுக்கு என்ன சேர்க்கணும் என்று கேட்டிருக்கிறார்கள். "ஒரு தண்ணிக் குழாய்" என்றாராம்.

மனுவுக்குப் பார்க்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. இதற்கிடையில் டீக்கடைக்காரரிடம் ஒரு சாவி வந்துவிட்டது, எப்படி என்று நான் கேட்கவில்லை. போன அமாவாசைக்கு நானும் கூடப் போனேன். மாமா டிவிஎஸ் ஐம்பதில் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் குடம் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார், தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர். ஒரு குடம் தூணுக்கு. மேலேயிருந்து ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, ஒவ்வொரு பெயராகத் துண்டால் ஒற்றினார். அவருடைய சிநேகிதரின் பெயர் அதில் இல்லை, எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்களின் பெயர்கள். இன்னொரு குடத்தைக் கேட்டுக்கு வெளியே கொண்டுவந்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்வையில் படுகிற மாதிரி ஒரு கல்லின்மேல் வைத்து, மூடி போட்டு, மூடியின்மேல் ஒரு சில்வர் டம்ளரைக் கவிழ்த்தார். போலாமா மாமா என்றேன். குடம் காலியாகட்டும் என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.